மதகுக்குப் பல்சக்கரம் வாங்கும்போது

மழைக்காலம் நெருங்கினால் ஏரிக்கரை, வாய்க்கால், தூர்வாருதல் என்று எல்லோரும் பேசுவோம். மதகின் ஷட்டரைத் தூக்கும் பல்சக்கரத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. நான் பொறியாளன் அல்ல. பாசன வேலைகளுக்கான கொள்முதல் கோப்புகளைப் பல வருடங்கள் பார்த்த எழுத்தர். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒற்றை வரிக் குறிப்பை எழுதி, குறைந்த விலையைப் பார்த்து வாங்குகிற பொருள் அல்ல இது.

ஷட்டர் ஒரு திருகுத் தண்டில் தொங்குகிறது. அதன் நட்டு சுழன்றால் ஷட்டர் ஏறும், இறங்கும். நட்டு சுழல்வது செங்குத்து அச்சில். ஆள் நின்று சுற்றும் கைப்பிடித் தண்டோ படுக்கையாக இருக்கும். ஒன்றின் சுழற்சியைச் செங்கோணத்தில் மற்றொன்றுக்குத் திருப்பிவிடுவதுதான் பெவல் கியர். நுனி வெட்டிய கூம்பு போல இருக்கும், சரிவில் பற்கள். பள்ளியில் நாங்கள் பிரெஞ்சில் படித்ததால் இதற்கு எனக்கு முதலில் வரும் சொல் 'ஆங்ரனாழ் கோனிக்'. கூம்புப் பல்சக்கரம் என்றே பொருள். பல்சக்கரம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஆந்த்ரே சித்ரோயன் கார் செய்வதற்கு முன் பல்சக்கரம் செய்தவர். அந்தக் கார்களின் முகப்பில் இருக்கும் இரட்டைக் கூரை போன்ற சின்னம், அவர் செய்த சக்கரப் பற்களின் வடிவம்தான்.

இனி தேர்வுக்கு வருவோம். செங்கோணத்தில் சேரும் இரண்டு சக்கரங்களுக்கும் பற்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால் அது மைட்டர் கியர். திசை மாறும், வேகமும் பலமும் மாறாது. திருகின் புரி 10 மி.மீ. என்றால், ஷட்டரை 1 மீட்டர் தூக்கக் கைப்பிடியை 100 சுற்று சுற்ற வேண்டும். அதே இடத்தில் 1:3 பெவல் ஜோடி இருந்தால் 300 சுற்று. ஆனால் கைக்கு வேண்டிய பலம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறையும். சின்ன மதகுக்கு மைட்டர் போதும். பெரிய ஷட்டருக்கு அதைப் போட்டால் இரண்டு ஆள் சேர்ந்து தொங்கினாலும் அசையாது.

பற்களில் நேர்ப்பல், சுருள்பல் என்று இரண்டு வகை உண்டு. சுருள்பல் மோட்டார் வேகத்தில் சத்தமில்லாமல் ஓடும், விலை கூடுதல். கையால் மெல்லச் சுற்றும் மதகுக்கு நேர்ப்பல்லே போதும். இங்கே சிக்கனம் தப்பில்லை.

தப்பு வேறு இடத்தில் நடக்கிறது. ஒருமுறை ஒரு மதகில் சின்னச் சக்கரம் மட்டும் தேய்ந்துபோனது. '20 பல், 6 மாட்யூல் பெவல் கியர், 1' என்று களத்திலிருந்து குறிப்பு வந்தது. குறைந்த விலைப்புள்ளி கொடுத்த கடைக்காரர் 20 பல், 6 மாட்யூல் சக்கரத்தைக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் வந்தது மைட்டர். அதன் கூம்புக் கோணம் 45 பாகை. மதகில் இருந்ததோ 20-க்கு 40 பல் ஜோடி. அதன் சின்னச் சக்கரத்துக்குக் கோணம் சுமார் 26.5 பாகை. பற்கள் முழு அகலத்தில் சேராமல் ஓரத்தில் மட்டும் உரசின. ஐப்பசியின் முதல் பெருமழையில் பல் உடைந்தது. ராத்திரி முழுவதும் ஷட்டரைத் திறக்க முடியாமல் லஸ்கர் தவித்தார். தாழ்ந்த பக்கத்து நடவெல்லாம் தண்ணீரில் நின்றது. மிச்சம் பிடித்த பணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஒரு மூட்டை உரத்துக்குக் காணாது.

'விதி குறைந்த விலைக்குத்தானே வாங்கச் சொல்கிறது' என்பார்கள். விதி சொல்வது, கேட்ட பொருளுக்குக் குறைந்த விலை. என்ன வேண்டும் என்று முழுதாகக் கேட்காவிட்டால், விதி எப்படிக் காப்பாற்றும்? ஆகவே குறிப்பில் இரண்டு சக்கரங்களின் பல் எண்ணிக்கை, மாட்யூல், தண்டுகளின் கோணம், பல்லின் அகலம், துளை, சாவிக்காடி, உலோகம் எல்லாம் இருக்க வேண்டும். இவற்றோடு, சக்கரத்தின் முதுகிலிருந்து இரு அச்சுகளும் சந்திக்கும் புள்ளி வரையிலான தூரமும் வேண்டும். இது பிசகினால் நல்ல சக்கரமும் ஓரத்தில்தான் உரசும்.

இன்னொன்று, இதை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். தேய்ந்த சக்கரத்தோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் சீக்கிரம் தேயும். பாரம் ஏறும்போது நேர்ப்பல் பெவல் சக்கரங்கள் இரண்டும் பின்பக்கமாகத் தள்ளப்படும். அதைத் தாங்கும் பேரிங்கையும் வாஷரையும் பாராமல் சக்கரத்தை மட்டும் மாற்றுவது வீண். மாட்டியபின் பல்லில் நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்தால், சாயம் பல்லின் நடுப்பகுதியில் ஒட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஊசுட்டேரி, பாகூர் ஏரிப் பக்கங்களில் இருக்கும் நண்பர்களுக்கும், ஏரிச் சங்கங்களில் இருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் மதகின் ஷட்டரைப் புரட்டாசியிலேயே ஒருமுறை முழுவதும் ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சக்கரங்களின் பற்களையும் எண்ணி, மற்ற அளவுகளோடு மதகுச் சுவரில் பெயிண்டால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கோப்பு தொலையலாம், அதிகாரி மாறலாம். சுவர் அங்கேயே இருக்கும்.