கொடி பிடித்த கை பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டட்டும்



2025 மே 10-ந் தேதி எங்கள் சாந்தோமுக்கு அடுத்த கடற்கரைச் சாலையில் ஒரு பேரணி நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டி.ஜி.பி. அலுவலகத்தில் தொடங்கி தீவுத்திடல் பக்கம் உள்ள போர் நினைவுச்சின்னம் வரை, முதலமைச்சர் தலைமையில் முன்னாள் ராணுவத்தினரும் மாணவர்களும் பொதுமக்களும் தேசியக் கொடியோடு நடந்தார்கள். எல்லையில் சண்டை நடக்கிறபோது, "நாங்க உங்க பின்னாடி இருக்கோம்" என்று தமிழ்நாடு சொன்னது நமக்கெல்லாம் பெருமைதான். அதில் இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் பேரணி ஒரு மாலையோடு முடிந்துவிடும். ஜவான் வீட்டுப் பெண் வருஷம் முழுக்க தனியாக அல்லவா சமாளிக்கிறாள்! அவளுக்குப் பின்னாடி யார் இருக்கிறோம்? இதைத்தான் இந்தப் பகுதியில் பேச ஆசைப்படுகிறேன்.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். அதை "ராணுவப்பேட்டை" என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். அங்கே ஒரு மருமகள் தனியாக இருந்தால், "வீட்டுக்காரர் எங்கே?" என்று யாரும் சந்தேகமாகக் கேட்க மாட்டார்கள். மாமியாரும் அதே கதையைத் தாண்டி வந்தவர், பக்கத்து வீட்டு அக்காவும் அதே கதைதான். சென்னையில் அப்படியா? அடுத்த ஃப்ளாட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

என் தங்கை மகள் ஒரு ராணுவ வீரரின் மனைவி. வீட்டுக்காரர் எல்லைப் பகுதியில் இருந்ததால், இரண்டு வயதுக் குழந்தையோடு இந்தப் பக்கத்தில் வாடகைக்கு வீடு தேடினாள். ஒரு வீட்டுக்கார அம்மா எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில், "ஆம்பளை கூட இல்லாத குடும்பத்துக்கு வீடு கொடுக்கறதில்லைம்மா, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்று சொல்லிவிட்டார். அதே வீட்டு வாசலில் சுதந்திர தினத்துக்குக் கொடி பறந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆம்பளை ஏன் கூட இல்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அந்த வார்த்தை வாயில் வந்திருக்குமா? வேறு வீடு கிடைத்த பிறகும் அவளிடம் பலர் முதலில் கேட்டது, "கேன்டீன்ல மிக்ஸி மலிவா கிடைக்குமாமே?" என்பதுதான். சில ஆண்கள் கேட்டதை இங்கே எழுதவே வேண்டாம். அது என்ன 'சரக்கு' என்று உங்களுக்கே தெரியும்!

2024 தீபாவளிக்கு 'அமரன்' படம் வந்தபோது கண்ணைத் துடைக்காமல் தியேட்டரை விட்டு வந்த பெண்கள் குறைவு. 2014 ஏப்ரலில் காஷ்மீரில் உயிர் நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா கொடுத்தபோது, 2015 குடியரசு தினத்தன்று அதை வாங்கிக்கொண்டவர் அவர் மனைவி இந்து. அந்தக் கம்பீரத்தை நாடே பார்த்தது. ஆனால் எல்லா வீட்டிலும் மேடையும் கேமராவும் இருக்காது. 1999 கார்கில் போரில் படாலிக் பகுதியில் மடிந்த திருச்சி மேஜர் சரவணனின் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் அந்தத் தாய் எப்படிச் சோறு தின்றிருப்பாள்? அந்த மாதிரி நாளில் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற ஒரு டம்ளர் காபிக்கு விலை உண்டா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "நம்ம ஊர்ப் பையன்" என்று பெருமைப்படுகிறோம். அந்தச் சரவணன் இருந்தது பீகார் ரெஜிமென்ட்டில். தமிழ்ப் பையன் பீகார் பெயர் தாங்கிய படையில் நின்று உயிரைக் கொடுத்தான். அப்படியென்றால் கடற்படையிலோ கடலோரக் காவல் படையிலோ வேலையாகி சென்னைக்கு வந்திருக்கும் வடக்கத்திக் குடும்பமும் நம் குடும்பம்தானே? நொச்சிக்குப்பத்து மீனவர் போகிற கடலை அவள் புருஷனும்தான் காவல் காக்கிறான். தமிழ் தெரியாமல் காய்கறி வண்டிக்காரரிடம் திண்டாடுகிற அந்தப் பெண்ணுக்கு நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் நம் ஊர்ப்பற்று குறைந்துவிடாது, கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகோடு நம் தெருக்களுக்கு வந்த ஜவான்கள், "நீ எந்த ஊர், என்ன பாஷை?" என்று கேட்டுவிட்டா நம்மைத் தூக்கினார்கள்?

கணவனை இழந்த பெண்ணுக்கு வருகிற கஷ்டம் வேறு. வீரப்பதக்கத்தோடு சேர்ந்து வருகிற மாதத் தொகை, விதவை மறுமணம் செய்தால் நின்றுவிடும். இறந்தவரின் சகோதரரைக் கட்டிக்கொண்டால் மட்டும் தொடரும் என்று ஒரு விதி இருந்தது. 2017-ல்தான் அதை எடுத்தார்கள். சட்டமே மாறிவிட்டது. நாம் மாறினோமா? வெள்ளிக்கிழமை குங்குமம் கொடுக்கும்போதும், நவராத்திரி கொலுவுக்கு அழைக்கும்போதும் அவளை ஒதுக்குகிறோமே! தியாகி மனைவி என்று மேடையில் சால்வை போர்த்துவோம், நம் வீட்டுக் கூடத்தில் உட்கார வைக்க மாட்டோம் என்றால் அது என்ன மரியாதை?

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், சகோதரிகளே. வீடு காலியாக இருந்தால் ராணுவக் குடும்பத்துக்கு முதலில் கொடுங்கள். ராத்திரி குழந்தைக்கு ஜுரம் என்றால் கூப்பிட உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். ஃபேமிலி பென்ஷன் வாங்கும் வயதான அம்மாவுக்கு வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். இப்போது அதை கம்ப்யூட்டரிலேயே செய்யலாம். உங்கள் வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அரை மணி நேரம் உதவச் சொல்லுங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது; துணைக்குப் போய் வாருங்கள்.

டிசம்பர் 7 கொடிநாள். 1949 முதல் நடக்கிறது. அன்றைக்குச் சட்டையில் குத்துகிற சின்னக் கொடிக்குப் பணம் போடுங்கள். போட்ட கையோடு, உங்கள் தெருவில் பட்டாளத்து வீடு எது என்று விசாரித்து, அந்தக் கதவையும் ஒரு தட்டு தட்டுங்கள். "சௌக்கியமா இருக்கியாம்மா? ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்றால் போதும். எங்கேயோ பனியில் நிற்கிற அவள் புருஷனுக்கு அதைவிடப் பெரிய தைரியம் வேறென்ன இருக்கிறது?

— ஓர் இல்லத்தரசி, சாந்தோம், சென்னை - 4.