கையை வீசி நடக்க ஒரு மணி நேரம்

கடந்த டிசம்பர் விடுமுறையில் முரசுமோட்டையில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். 1970களின் பஞ்சமும் 1977 கலவரமும் மலையகத்திலிருந்து வன்னிக்கு விரட்டிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. தோட்டத்தில் கொழுந்து பறித்த கைகள் அங்கே போய் மற்றவர்களின் வயலில் களை பிடுங்கின, அருவி வெட்டின.

ஒரு நாள் மாலை நாலரை மணி இருக்கும். மதியச் சட்டி பானைகள் கழுவாமல் கிடந்தன. முற்றம் கூட்டவில்லை. கொடியில் துணி எடுக்காமல் இருந்தது. பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு படலையைத் திறந்தார்.

"எங்க பெரியம்மா போறீங்க? கடைக்குன்னா நான் போயிட்டு வாறேன்" என்றேன்.

"கடைக்கு இல்லப்பா. சும்மா நடக்கப் போறேன். வாறதுன்னா வா. ஆனா பேசாம வரணும்."

வாய்க்கால் கரையோடு நடந்தோம். இருபுறமும் காலபோக நெல் பச்சையாக நின்றது. நம்முடைய மலையில் சூரியன் மறைவதை நாம் பார்ப்பதில்லை. மலைக்குப் பின்னால் போய்விடும், குளிர் மட்டும் வரும். அங்கே அது வயல் வரம்பு வரை இறங்கி வருகிறது. கொக்குகள் கூட்டமாகப் போயின. ஓர் ஆள்காட்டிக் குருவி எங்களைக் கண்டு கத்திவிட்டு அடங்கியது. அரை மணி நேரம் பெரியம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. மதகுக் கட்டில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

2009 ஜனவரியில் முரசுமோட்டையை விட்டு ஓடியது, பிறகு திரும்பி வந்தது, வந்தபோது எங்கும் மிதிவெடி என்று சிவப்புப் பலகை நட்டிருந்தது, ரோட்டை விட்டுக் கால் வைக்கப் பயந்தது எல்லாம் சொன்னார். "இந்த மண்ணுல என்னைக்குப் பயமில்லாம நடக்க முடியுதோ, அன்னைக்கு சும்மா நடக்கணும்னு நெனச்சேன். இப்ப நடக்குறேன். சட்டி எங்கயும் ஓடிப் போயிராது." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஒங்கம்மா எப்பயாச்சும் இப்பிடி நடந்திருக்காளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்த இதழில் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் பெண்கள் நடக்காதவர்கள் அல்ல. விடியுமுன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு நடக்கிறார்கள். அங்கிருந்து பெரட்டுக்கு, பெரட்டிலிருந்து மலைக்கு, கொழுந்தைச் சுமந்து நிறுக்கும் இடத்துக்கு, மாலையில் விறகுக்கு, பீலிக்கரைக்கு. வாழ்நாளில் அவர்கள் நடந்த தூரத்தை எந்த ஓட்டவீரரும் ஓடியிருக்க மாட்டார். ஆனால் அதில் ஒரு நடையாவது வெறுங்கையோடு நடந்த நடையா? முதுகில் கூடை, தலையில் விறகு, இடுப்பில் பிள்ளை அல்லது குடம் இல்லாமல்?

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மாவிடம் கேட்டேன். 38 வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். "வாங்கம்மா, கோயில் மேட்டு வரைக்கும் சும்மா நடந்துட்டு வருவோம்" என்றேன். சரியென்று எழுந்தவர், கவ்வாத்துக் கத்தியையும் சாக்கையும் எடுத்தார். "எதுக்கும்மா?" என்றால், "போறதுதான் போறோம், ரெண்டு குச்சி பொறக்கிட்டு வருவோம். கையை வீசிக்கிட்டுப் போனா லயத்துல என்னா சொல்லுவாங்க?" என்றார்.

200 வருட தோட்ட வாழ்க்கை நம் தாய்மாருக்குக் கற்றுக் கொடுத்த பாடம் இது. கை சும்மா இருந்தால் அது குற்றம். துரையும் கங்காணியும் சொல்லித் தந்த பாடத்தை இன்று அவர்கள் பக்கத்தில் இல்லாதபோதும் நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

"நாட்சம்பளமே வயிற்றுக்குப் போதவில்லை, இதில் நடையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தொழிற்சங்கம் என்பதே நேரத்துக்கான போராட்டத்தில் வளர்ந்தது. நாம் கொண்டாடும் மே தினம் எங்கிருந்து வந்தது? 1886இல் சிக்காகோத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு நடத்திய வேலைநிறுத்தத்திலிருந்து. எட்டு மணி நேரம் வேலைக்கு, எட்டு மணி நேரம் ஓய்வுக்கு, மிச்சம் எட்டு மணி நேரம் எங்களுக்கு என்பதே அவர்கள் கணக்கு. 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை, ஓய்வும் ஓய்வு நேரமும் எல்லோருக்கும் உரிமை என்கிறது. அதே ஆண்டில்தான் இந்த நாடு சட்டம் போட்டு நம்முடைய குடியுரிமையைப் பறித்தது. குடியுரிமையைப் போராடி மீட்டோம். ஓய்வுரிமையைக் கேட்கவே மறந்துவிட்டோம்.

1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது. பெரிய வெற்றி. ஆனால் பல தோட்டங்களில் ஆண்களின் வேலை பிற்பகலோடு முடிகிறது; பெண்கள் மாலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு வர ஐந்தரை, ஆறு மணி ஆகிறது. வந்ததும் அடுப்பு. சம சம்பளம் வந்தது, சம ஓய்வு வரவில்லை. 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தபோது பல இடங்களில் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு ஓடாவிட்டால் குடும்பம் ஓடாது. ஆறு நாள் உழைத்தும் ஏழாம் நாளையும் விற்றால்தான் சாப்பாடு என்றால், அந்தச் சம்பளம் ஒரு நாளுக்கான சம்பளமே அல்ல. ஆகவே ஓய்வு நேரத்தைக் கேட்பதும் சம்பளத்தைக் கேட்பதும் ஒரே கோரிக்கைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாகப் "பெக்கோ ட்ரெயில்" என்று ஒரு நடைபாதை இருக்கிறது. தேயிலை மலைகளின் அமைதியில் நடப்பதற்காக வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். அவர்கள் நடப்பதில் பெரும்பகுதி நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வெட்டிய, மிதித்துப் பழக்கிய தோட்டத்துப் பாதைகள். அவர்கள் வரட்டும், நல்லது. ஆனால் அவர்கள் காசு கொடுத்துத் தேடி வரும் அந்த அமைதி, அதே பாதையில் கூடையோடு போகும் பெண்ணுக்கு ஏன் இல்லை?

நடந்தால் என்ன கிடைக்கும்? விறகு கிடைக்காது, காசு கிடைக்காது. நினைப்பதற்கு நேரம் கிடைக்கும். காலை நான்கு மணி முதல் இரவு பத்து மணி வரை யாரோ ஒருவருக்கு வேலை செய்துகொண்டே இருப்பவருக்குத் தன்னைப் பற்றி நினைக்க நேரமில்லை. சம்பளத் துண்டில் ஏன் இவ்வளவு வெட்டு, பிள்ளையை எங்கே படிக்க வைப்பது, இறந்துபோன அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்பதையெல்லாம் யோசிக்க மனதுக்கு இடம் வேண்டும். யோசிக்கிற தொழிலாளிதான் கேள்வி கேட்பார்.

குற்றத்தை நிர்வாகத்தின் மேல் மட்டும் போட முடியாது. மாலையில் பொடியன்களோடு பேசிக்கொண்டு ரோட்டில் உலாத்தும் ஆண்கள் நாம். நான் உட்பட. நாம் கைவீசி நடந்தபோது வீட்டில் யாரோ நம் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சங்கமும் தப்பவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம் வைக்கிறோம். அந்தப் பத்து மணிக்கு வர ஒரு பெண் நான்கு மணிக்கு அடுப்பு மூட்டியிருக்கிறார். அவருடைய ஒரே ஓய்வு நேரத்தையும் நாமே எடுத்துக்கொண்டு உரிமை பற்றிப் பேசுகிறோம்.

ஆகவே மூன்று விடயங்கள் கேட்கிறேன். முதலாவது, அடுத்த மாதர் கூட்டத்தில் மாலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தையும், அதற்காகக் காத்து நிற்கும் நேரத்தையும் எழுதி வாருங்கள். தலைவர்மார் அதை நிர்வாகத்தோடு பேச வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு போயா தினத்திலும் ஒரு வேளைச் சமையலையும் சட்டி பானையையும் வீட்டு ஆண்கள் பொறுப்பெடுக்க வேண்டும். மூன்றாவது, அந்த நேரத்தில் அம்மாவும் அக்காவும் மனைவியும் நடக்கட்டும். குளவிக்கும் சிறுத்தைக்கும் பயமென்றால் இரண்டு மூன்று பேராகப் போகட்டும். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க வேண்டாம்.

போன போயாவன்று எங்கள் வீட்டில் நான் சமைத்தேன். சோறு குழைந்துவிட்டது. அம்மா கோயில் மேட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். எங்கே உட்கார்ந்தார், என்ன நினைத்தார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாக்கை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போயிருந்தார். கத்தியை மட்டும் இன்னும் விடவில்லை.