எம்ஓயு போட்டோவும் ஒரு லேத் மெஷினும்

நேத்து சாயங்காலம் எங்க கோபாலபுரம் கீழ் வீட்டு அக்கா ஒரு காலேஜ் விளம்பரப் புத்தகத்தோட மாடிக்கு வந்தாங்க. "தம்பி, நீ இன்ஜினியர்தானே, பையனை இங்க சேர்க்கலாமா?"

காலேஜ் ஆரம்பிச்சு ஆறு வருஷம்தான் ஆகுது. அதுக்குள்ள நாலு கட்டிடம். பக்கம் பூரா வெளிநாட்டுக் கொடி, பன்னிரண்டு பல்கலைக்கழகங்களோட புரிந்துணர்வு ஒப்பந்தமாம். லேப் படம் மட்டும் ஒண்ணு கூட இல்லை!

நான் படிச்ச இடத்திலும் (பேர் வேண்டாம்) இதே கதைதான். ஒரு வெள்ளைக்காரர் வந்தார். சால்வை, போட்டோ, சாப்பாடு, டாட்டா. அந்த ஒப்பந்தத்தால் நாலு வருஷத்தில் எங்களுக்குக் கிடைச்சது போட்டோவில் பின்வரிசை இடம் :-)

வெளிநாட்டுக் கூட்டே ஏமாத்துன்னு நான் சொல்ல வரலை. 1959-ல் நம்ம ஐஐடி மெட்ராஸும் புதுக் காலேஜ்தான். அப்போ மேற்கு ஜெர்மனியோட போட்ட ஒப்பந்தத்தில் என்ன இருந்தது தெரியுமா? 20 பேராசிரியர்கள், 5 ஃபோர்மேன், நம்ம ஆசிரியர்கள் 20 பேருக்கு ஜெர்மனியில் பயிற்சி, ஒரு ஒர்க்‌ஷாப், லேப் சாமான்கள். ஃபோர்மேனைக் கவனிங்க மக்களே! மெஷின்ல கை வெச்சு வேலை சொல்லித்தர ஆள் கேட்டு வாங்கியிருக்காங்க. 1973-ல் ஐபிஎம் 370 கம்ப்யூட்டர் வந்ததும் ஜெர்மன் உதவியில்தான். 2023-ல் அதே ஐஐடி சான்சிபாரில் போய் வகுப்பு ஆரம்பிச்சது. வாங்கின கை இன்னிக்குக் கொடுக்குது. வளர்ச்சின்னா இது. கட்டிடம் இல்லை.

"அது அரசாங்கக் காசு, தனியார் என்ன பண்ணுவான்?"னு கேப்பீங்க. 20 பேர் வேண்டாம் சாமி. வருஷத்துக்கு ஒரே ஒரு வாத்தியாரை ஆறு மாசம் அங்கே அனுப்பலாமே? கண்ணாடி பதிச்ச கட்டிடத்துக்குக் காசு இருக்கு, இதுக்கு இல்லையா?

அக்காவுக்கு மூணு கேள்வி எழுதிக் கொடுத்தேன்.

1. அங்கேயிருந்து வந்து ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் எடுத்தவர் யாரு?
2. இங்கேயிருந்து எத்தனை பசங்க போனாங்க, செலவு யாரோடது?
3. ஒப்பந்தத்தால் வந்த ஒரு மெஷினைக் காட்டுங்க.

பதில் வரலைன்னா பணம் கட்டாதீங்கன்னு சொல்லிட்டேன். அவங்க கட்டப்போறது நகையை அடகு வெச்ச காசு. அந்தக் காசுக்கு ஒரு லேத் மெஷினாவது பையன் கையில் கிடைக்கணும். போட்டோ வேண்டாம்.

உங்க காலேஜ் எம்ஓயு கதையையும் பின்னூட்டத்தில் கொட்டுங்க.