7 வருஷமே இருந்த மாநிலம்... மதுரைக்கு வரும் தண்ணீருக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?

மழைக்காலம் வந்தாலே முல்லைப் பெரியாறு அணை செய்தியாகிவிடும். 142 அடி, உபரி நீர், கேரளாவின் புதிய அணை கோரிக்கை என்று பேச்சு நீளும். மேலூர், வாடிப்பட்டி வயல்களுக்குத் தண்ணீர் தரும் இந்த அணை ஏன் கேரளாவுக்குள் இருக்கிறது? பதிலைத் தேடினால், இன்று வரைபடத்தில் இல்லாத ஒரு மாநிலத்தில் போய் நிற்போம். அதன் பெயர் திருவிதாங்கூர்-கொச்சி.

எப்படி உருவானது?

1947ல் பிரிட்டிஷார் கிளம்பியபோது 500க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. புதுக்கோட்டை போன்றவை பக்கத்து மாகாணத்தோடு சேர்ந்தன. சில சமஸ்தானங்களை ஒன்றாக்கி புது மாநிலங்களை அமைத்தார்கள். அப்படித்தான் 1949 ஜூலை 1ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின.

ஏன் நிலைக்கவில்லை?

மலையாளிகள் பெரும்பான்மையாக இருந்த அந்த மாநிலத்தில் தமிழர்கள் அதிகம் வாழ்ந்த தாலுகாக்களும் இருந்தன. தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு; மலையை ஒட்டி செங்கோட்டை; மலைமேல் தேவிகுளம், பீர்மேடு. இவற்றைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டம், புதுக்கடையில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின. ஆட்சிகள் அடுத்தடுத்து கவிழ்ந்தன. 1956 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அதே ஆண்டு நவம்பர் 1ல் மாநிலமே கலைந்தது.

சரி, மதுரைக்கு என்ன?

முல்லைப் பெரியாறு அணை இருப்பது பீர்மேடு தாலுகாவில். பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் தெற்குத் தாலுகாக்கள் நான்கையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குத் தரச் சொன்னது. தேவிகுளம், பீர்மேடு விஷயத்தில் கையை விரித்துவிட்டது. அங்குள்ள தமிழர்களில் பலர் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள், நிலையான குடிகள் அல்ல என்பது முக்கியமான வாதம். ஆக, கன்னியாகுமரி கிடைத்தது. அணை இருந்த மலை கிடைக்கவில்லை.

தேனியில் தொடங்கி மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை பாசனம் இந்த நீரை நம்பி இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் கள்ளந்திரி வரை இருபோகம், மேலூர் பக்கம் ஒருபோகம் என்ற கணக்கும் அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்ததுதான்.

அப்போ உரிமை எங்கிருந்து வருகிறது?

1886ல் திருவிதாங்கூர் அரசு சென்னை மாகாணத்துக்கு எழுதிக்கொடுத்த 999 ஆண்டு குத்தகையிலிருந்து. சுதந்திரத்தோடு அந்த ஒப்பந்தம் காலாவதி ஆகிவிட்டது என்று கேரளா வாதிட்டது. 2014 மே 7ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்கவில்லை. நீதிமன்றம் காட்டிய காரணங்களில் ஒன்று, 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 108வது பிரிவு. மாநிலங்கள் பிரிந்தாலும் பழைய பாசன ஒப்பந்தங்கள் தொடரும் என்கிறது அது.

அதாவது, திருவிதாங்கூர்-கொச்சியைக் கலைத்து பீர்மேட்டைக் கேரளாவிடம் விட்ட அதே சட்டம்தான் மதுரையின் தண்ணீர் உரிமைக்கும் காவலாக நிற்கிறது.

இனி என்ன?

பழைய அணை பாதுகாப்பாக இல்லை, புதிதாகக் கட்ட வேண்டும் என்கிறது கேரளா. அணை பலமாகவே இருக்கிறது என்கிறது தமிழகம். 2014 தீர்ப்பும் அதையே சொன்னது. புது அணை பேச்சு வரும்போதெல்லாம் தமிழக விவசாயிகள் பதறுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1886 குத்தகை இந்த அணைக்கானது. அணை மாறினால் அந்த உரிமை அப்படியே தொடருமா, அல்லது கேரளாவோடு முதலிலிருந்து பேச வேண்டி வருமா? அதற்கு எழுத்தில் உறுதி கிடைக்காதவரை மேலூர் விவசாயியின் பதற்றம் குறையாது.