அச்சமும் கோழைமையும்

ஒரு மொழியார் அச்சத்தை உடலின் எவ்வுறுப்பில் வைத்துப் பேசுகின்றனர் என்று நோக்கின் வியப்புண்டாகும். ஹாங்காங்கில் வழங்கும் காண்டனீசு மொழியில் கோழையைப் பித்தப்பை சிறியவன் என்பர்; சாவுக்கு அஞ்சுவோனை உயிர்மேற் பேராசை கொண்டவன் எனப் பழிப்பர். நம் தென்காசிப் பக்கத்திலோ அச்சம் வயிற்றிற் புளியைக் கரைக்கும், குலையை நடுக்கும், அஞ்சுவோன் தொடைநடுங்கி ஆவான். கோழை என்பது நெஞ்சிற் கட்டும் சளிக்கும் பெயராதல் காண்க.

இவ்வகைச் சொற்களுள் பேடி என்பது எனக்கு உடன்பாடன்று. இன்று திருநங்கையர் என நாம் மதிப்புடன் அழைப்போர்க்கு முன்னாளில் வழங்கிய பெயரை, அஞ்சி ஓடுவானுக்கு வசையாக்கியது முறையோ? அச்சத்திற்கும் பிறப்பிற்கும் தொடர்பு யாது? 'சேலை கட்டிக்கொள்' என்று இகழ்வதும் இத்தகையதே. மகன் போரிற் புறங்கொடுத்தான் எனக் கேட்டு, வாளேந்திக் களம் புகுந்தவள் ஒரு மூதாட்டி. அவளைப் புறநானூற்றிற் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் பெண்பாற் புலவரே அன்றோ?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தை ஒன்றாக வைத்தார். வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார். அவற்றுள் சாவு இல்லை. இழவு என்பதை அழுகையின்பால் வைத்தார். சாவு அழுதற்குரியதே ஒழிய அஞ்சுதற்குரியதன்று என்பது அவர் கருத்துப்போலும். அஞ்சாமையாகிய தறுகணைப் பெருமிதத்துள் கல்வியை அடுத்து நிறுத்தினார், அம்முறைவைப்பும் எண்ணத்தக்கது.

மாணவர்களே, இதனால் எதற்கும் அஞ்சலாகாது என்று கொள்ளற்க. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்துள் அன்றோ வைத்தார்! குற்றாலத்து மலைமேற் பெய்யும் மழை, கீழே நீராடுவார்க்குத் தெரிவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. வெள்ளம் வீரனென்றும் கோழையென்றும் பார்ப்பதில்லை. நீர் மிகும் நாளில் காவலர் குளிக்கத் தடை விதிப்பர். அப்போது தடுப்புக்கு இப்பால் நின்றுவிடும் சிறுவனைத் தோழர்கள் தொடைநடுங்கி என்று ஏசக் கேட்டிருக்கிறேன். அப்பெயர் அவனுக்குச் சிறிதும் பொருந்தாது. ஏச்சுக்கு அஞ்சித் தடுப்பைத் தாண்டுவானுக்கே பொருந்தும். நீர் வடியும்வரை கடைவீதியில் மங்குஸ்தான் பழம் வாங்கித் தின்றுகொண்டு காத்திருக்கலாமே. சாரற் காலத்தில் அதற்கும் குறைவில்லை.