மட்டக்களப்புக் கோட்டைக்கும் வாவிக்கரைக் கோயில்களுக்குமான கோரிக்கைச் சாசனம்

தொல்லியல் திணைக்களத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் மாநகர சபைக்கும், எழுவான்கரை, படுவான்கரைக் கோயில்களின் வண்ணக்கர்மாருக்கும் வாவியோரத்து மக்கள் நாங்கள் முன்வைப்பது:

புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1638 மே 18இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து பிடித்தார்கள். மே 23இல் மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம் எழுதினார்கள். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது மன்னன் விரும்பினால்தான் என்றது மன்னனிடம் இருந்த பிரதி. ஒல்லாந்தப் பிரதியில் அந்தச் சொற்களைக் காணோம். ஆகவே இந்தச் சாசனத்துக்கான பதிலை எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பொருளில் கேட்கிறோம்.

முதலில் கோட்டை. இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி, மூலைக்கொரு கொத்தளம். நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், அதற்குள்தான் நடந்தது. காணி அலுவலுக்கும் பிறப்புப் பதிவுக்கும் போய்வந்த சனத்துக்கு அது கோட்டை என்பதே மறந்துவிட்டது. இப்போது மாவட்டச் செயலகம் திராய்மடுவுக்குப் போய்விட்டது. அடுத்து அங்கே என்ன வரும் என்பதை மட்டக்களப்பில் கூட்டம் வைத்து, சனத்தைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஹோட்டலுக்குக் குத்தகை கொடுப்பதை ஏற்கமாட்டோம். எந்தச் சுவர் பழையது, எது அலுவலகத் தேவைக்குப் பின்னால் எழுந்தது என்று அளந்து வரைபடம் போட்ட பிறகே எதையும் இடிக்கலாம். வடமோடி, தென்மோடிக் கூத்தின் உடுப்புக்கும் முடிக்கும் அங்கே ஓர் அறை வேண்டும். காலிக் கோட்டை 1988 முதல் உலக மரபுரிமைச் சின்னம். எங்கள் கோட்டைக்கு அந்தப் பட்டம்கூட வேண்டாம், ஒழுங்கான பராமரிப்புப் போதும்.

பராமரிப்பு என்றதும் சீமெந்துப் பையோடு வராதீர்கள். வாவிக் காற்றில் உப்பு இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து சுவரின் ஈரத்தை வெளியே விடும். சீமெந்துப் பூச்சு அடைத்துப் பிடிக்கும். உள்ளே தங்கிய உப்பு படிகமாகிக் கல்லையே உதிர்க்கும். பழைய சுவரில் சுண்ணாம்பு வேலை மட்டுமே நடக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த மேசன்மார் குறைந்துவிட்டார்கள். இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடுங்கள்.

இதே சீமெந்து கோயில்களிலும் புகுந்திருக்கிறது. இதில் அரசாங்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. திருப்பணி என்ற பெயரில் பழையதை இடிப்பவர்கள் நாங்களேதான், அதுவும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசில். இராசகோபுரம் எழுப்புவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மண்டூர்க் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் பூசை செய்கிறார். அந்த முறைக்குப் பொருந்திய கட்டட அமைப்பு வேறு, சிற்பாசாரியார் கொண்டுவரும் பொது மாதிரி வேறு. மண்டூரோ கொக்கட்டிச்சோலையோ மாமாங்கமோ சித்தாண்டியோ, எந்தக் கோயிலிலும் பாலஸ்தாபனத்துக்கு முன் முழு அளவுப்படமும் ஒளிப்படமும் எடுக்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்களை இதற்கு அழைக்கலாம். கழற்றிய கல்லையும் மரத்தையும் விற்கக் கூடாது.

இனி, சொல்லத் தயங்கும் விடயம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கிழக்கின் பெரும்பான்மை மக்கள் இவர்கள்தான். அப்படிப்பட்ட குழு நட்டுவிட்டுப் போகும் எல்லைக்கல்லை ஊர் எப்படி நம்பும்? தொல்லியல் பாதுகாப்பை நாங்கள் எதிர்க்கவில்லை, வேண்டித்தான் எழுதுகிறோம். எந்த இடத்தையும் அளக்குமுன் பிரதேச செயலகத்தில் தமிழில் அறிவித்தல் ஒட்டுங்கள். வழிபாடு நடக்கும் இடத்தில் வழிபாட்டை நிறுத்தாதீர்கள். அளக்க வரும் குழுவில் இந்த மாவட்டத்து மூவின ஆய்வாளர்களும் இருக்கட்டும்.

வாசிக்கும் உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். 1978 சூறாவளிக்கு முன் எடுத்த கோயில் படமோ கோட்டைப் படமோ வீட்டு அல்பத்தில் இருந்தால், ஒரு பிரதி எடுத்துப் பொது நூலகத்தில் கொடுங்கள்.