செயின்ட் ஆண்ட்ரூஸில் எதைப் பார்க்கிறோம்?

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில், வடகடலை நோக்கி நிற்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய சிற்றூர். எனினும் பேராயரின் ஆசனம் அங்கிருந்த காலத்தில் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கு அதுவே தலைநகர். நம் முன்னோர் பெலவேந்திரர் என்று போற்றிய திருத்தூதர் அந்திரேயாவின் எலும்புகளைக் கிரேக்க நாட்டின் பத்ராஸிலிருந்து ரெகுலுஸ் என்னும் துறவி இங்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. அத்திருப்பண்டங்களை நாடித் திருப்பயணிகள் நடந்துவந்த மூன்று தெருக்கள் இன்றும் விரித்த விரல்களைப் போல மேற்கிலிருந்து வந்து பேராலயத்தருகே கூடுகின்றன.

இன்று அவ்வூருக்குச் செல்லும் நம்மவர் இரு வகையினர். முதல் வகையினரைச் சுற்றுலாப் பேருந்து பழைய கோல்ஃப் மைதானத்தருகே இறக்கிவிடுகிறது. ஸ்வில்கன் ஓடையின் கற்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கம்பளிக் கடையில் நுழைகிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடுகிறது. அவர்களோடு நமக்குப் பெரிய வழக்கு இல்லை. அம்மைதானத்தில் விளையாட ஊராருக்குள்ள உரிமையை 1552-இல் சாசனத்தில் உறுதிசெய்தவர் கத்தோலிக்கப் பேராயர் ஜான் ஹாமில்டன் என்பதை மட்டும் யாராவது அவர்களுக்குச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கு ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் புல்தரையில் உலாவுவார்கள்.

நம் வழக்கு இரண்டாம் வகையினரோடுதான். இவர்கள் பக்தியுள்ளவர்கள். இங்கிலாந்தில் பணிபுரியும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும்போது நேரம் ஒதுக்கிப் பேராலயத்தின் இடிபாட்டுக்குச் செல்கிறார்கள்; கண்கலங்குகிறார்கள்; ஊர் திரும்பியபின் 'பதிதர்கள் நம் கோவிலை இடித்துவிட்டார்கள்' என்று அன்பியக் கூட்டத்தில் விவரிக்கிறார்கள். இந்தக் கண்ணீரில் உண்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. அது பாதி உண்மை என்பதே நம் குற்றச்சாட்டு. பாதி உண்மையைச் சுமந்து திரும்புகிறவர் அந்நகரைப் பார்த்தவர் ஆகமாட்டார்.

முதலில் இடிபாட்டையே எடுத்துக்கொள்வோம். 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, 1318-இல் மன்னர் இராபர்ட் புரூஸ் முன்னிலையில் அபிஷேகம் செய்யப்பட்ட ஆலயம் இது. ஏறக்குறைய 119 மீட்டர் நீளம். ஸ்காட்லாந்தில் இதைவிடப் பெரிய ஆலயம் எழுந்ததில்லை. இன்று கிழக்கே ஒரு சுவர், மேற்கே முகப்பின் ஒரு துண்டு, தெற்கே நெடுஞ்சுவரின் ஒரு பகுதி, இடையே புல்வெளியும் கல்லறைக் கற்களும். 1559 ஜூன் மாதம் ஜான் நாக்ஸ் இந்நகரில் மறையுரை ஆற்றியபின் பீடங்களும் சுரூபங்களும் தகர்க்கப்பட்டன. திருப்பண்டங்களும் மறைந்தன. இதெல்லாம் மெய். ஆனால் மேற்கு முகப்பை 1270-களிலேயே ஒரு புயல் வீழ்த்தியிருந்தது. 1378-இல் தீ பெருஞ்சேதம் விளைத்தது. இரு முறையும் மக்கள் மீண்டும் கட்டினார்கள். 1559-க்குப் பின் யாரும் கட்டவில்லை. கூரையின் ஈயம் போயிற்று. பின்னர், தலைமுறை தலைமுறையாக அவ்வூராரே கற்களைப் பெயர்த்து வண்டியில் ஏற்றித் தங்கள் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நாள் ஆவேசம் சுரூபத்தை உடைக்கும். 119 மீட்டர் ஆலயத்தைப் புல்வெளியாக்க நீண்டகால அலட்சியம் வேண்டும். தாங்கள் கட்டிய ஆலயம் சரிவதைக் கண்டு ஒரு மக்கள் கூட்டம் ஏன் கலங்காமலிருந்தது? கண்கலங்கி நிற்கும் நம்மவர் கேட்க வேண்டிய கேள்வி இது; இதைத்தான் அவர்கள் கேட்பதில்லை.

விடையின் ஒரு பகுதி, பேராலயத்திலிருந்து வடக்குத் தெரு வழியே சில நிமிட நடையில், தரையிலேயே எழுதிக் கிடக்கிறது. 1450-இல் ஆயர் கென்னடி நிறுவிய புனித சால்வேட்டர் கல்லூரியின் வாயிலுக்கு முன் 'பி', 'எச்' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கற்களால் பதித்திருக்கிறார்கள். பேட்ரிக் ஹாமில்டன் என்னும் இளைஞரைத் தப்பறை போதித்த குற்றத்துக்காக உயிரோடு எரித்த இடம் அது. நாள் 1528 பிப்ரவரி 29. தீர்ப்பளித்தவர் பேராயர் ஜேம்ஸ் பீட்டன். கொழுத்தியவர்கள் நம்மவர்கள். தீ சரியாகப் பற்றாமல் ஏறத்தாழ ஆறு மணி நேரம் அவர் துடித்தார். சிறுவனாயிருந்தபோதே அவருக்கு ஃபெர்ன் மடத்தின் அதிபர் பட்டமும் வருமானமும் வழங்கப்பட்டிருந்தன. செபிக்கவும் தெரியாத வயதில் ஒருவனை மடாதிபதி ஆக்கிய திருச்சபை நிர்வாகம், சிந்திக்கத் தொடங்கிய வயதில் அவனை எரித்தது. இன்று பல்கலைக்கழக மாணவர்கள் அவ்வெழுத்துகளை மிதிப்பதில்லை. மிதித்தால் தேர்வில் தோல்வி என்பது அவர்கள் நம்பிக்கை! ஒரு மனிதரின் சாவு தேர்வுச் சகுனமாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் அவர்கள் விலகியாவது நடக்கிறார்கள். நம்மவரில் பலர் அத்தெருவுக்கே போவதில்லை.

அங்கிருந்து கடலோரத்துக் கோட்டைக்கு வருவோம். இது ஆயர்களின் மாளிகையாகவும் சிறையாகவும் இருந்தது. பாறையைக் குடைந்து அமைத்த குப்பி வடிவப் பாதாளச் சிறையை இன்றும் எட்டிப் பார்க்கலாம். 1546 மார்ச் 1 அன்று கர்தினால் டேவிட் பீட்டன் இக்கோட்டைக்கு முன் போதகர் ஜார்ஜ் விஷர்ட்டை எரிக்கச் செய்தார். மூன்று மாதம் கழியுமுன், மே 29 அன்று, கட்டட வேலையாட்களோடு கலந்து உள்ளே நுழைந்த எதிரிகள் கர்தினாலைக் குத்திக் கொன்று, உடலைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டார்கள். பிறகு அவ்வுடலுக்கு நேர்ந்த அவமானத்தை நாக்ஸ் தமது வரலாற்று நூலில் நகைச்சுவையாகவே விவரிக்கிறார். சீர்திருத்தம் பேசிய நாவிலும் எவ்வளவு நஞ்சு! எனவே எதிர்த்தரப்பைப் புனிதர்களாக்க நாம் முற்படவில்லை. அவர்களுக்கும் பாதிக் கண்ணே இருந்தது. ஸ்கோர்ஸ் என்னும் கடலோரத் தெருவில் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மறைசாட்சிகளின் தூணில் ஹாமில்டன், விஷர்ட் ஆகியோரின் பெயர்கள் உண்டு. தங்கள் தரப்பார் சிந்திய இரத்தத்தைப் பற்றி அந்தத் தூண் எதுவும் சொல்வதில்லை.

அதே தூணில் இன்னொரு பெயரும் உண்டு: வால்டர் மில்ன். குருவாயிருந்தவர், எண்பது வயதைக் கடந்த கிழவர். அவரை எரித்தது 1558 ஏப்ரலில், அதாவது பேராலயத்தில் சுரூபங்கள் உடைபடுவதற்கு ஓராண்டுக்கு முன். அப்போது பேராயராயிருந்தவர் ஜான் ஹாமில்டன், மைதானச் சாசனம் வழங்கிய அவரேதான். அவர் கொடியவர் அல்லர். அதே 1552-இல் பொதுமக்கள் மொழியான ஸ்காட்ஸில் ஞானோபதேச நூலொன்றை அச்சிட்டு, குருக்கள் அதை மக்களுக்கு வாசிக்க வழிசெய்தவர். மெய்யான சீர்திருத்த முயற்சி அது. ஆறு ஆண்டுகளில், அவரது ஆட்சியிலேயே ஒரு கிழவரைச் சூழ்ந்த தீ, அந்த நூல் சேர்த்த நல்லெண்ணத்தையெல்லாம் சாம்பலாக்கிவிட்டது. ஹாமில்டனையும் 1571-இல் ஸ்டர்லிங்கில் தூக்கிலிட்டார்கள்.

'நம் திருச்சபையின் குறைகளை நாமே ஏன் கிளற வேண்டும்? அருளப்பர் ஒகில்வியை 1615-இல் கிளாஸ்கோவில் அவர்கள் தூக்கிலிடவில்லையா?' என்று சிலர் கேட்பார்கள். தூக்கிலிட்டார்கள். 1976-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதில் நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் ஒகில்வியின் கயிற்றைக் காட்டி ஹாமில்டனின் தீயை நேர்செய்ய இது வட்டிக்கடைக் கணக்கா? பிரிவினைக்கு இரு தரப்பாரும் பொறுப்பு என்று 1964-இல் சொன்னது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1982-இல் எடின்பரோவில், நாக்ஸின் சிலை நிற்கும் அதே முற்றத்தில், ஸ்காட்லாந்துச் சபையின் தலைவரோடு கைகுலுக்கியவர் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால். திருத்தந்தைக்கு வராத கூச்சம் நமக்கு எதற்கு?

தன் காயத்தை மட்டும் தேடுகிற கண், இன்னொன்றையும் காணத் தவறுகிறது. தெற்குத் தெருவில் சாமிநாதர் சபைத் துறவியரின் சிற்றாலயம் ஒன்று, 1559-இல் சிதைந்து எஞ்சிய துண்டாக நிற்கிறது. நம்மவர் அதன் முன் பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சற்றே நிமிர்ந்து பின்னாலிருக்கும் கட்டடத்தைப் பார்த்தால் தெரியும்: அது மெட்ராஸ் கல்லூரி என்னும் பள்ளிக்கூடமாய் இருந்த கட்டடம். ஆம், நம் மெட்ராஸ்தான்! இவ்வூரில் 1753-இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு, சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் விடுதியை நடத்திவந்தபோது, நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797-இல் நூலாக வெளியிட்டார். நம் திண்ணைப் பள்ளியின் மணலும் சட்டாம்பிள்ளையும் இல்லாமல் அம்முறை ஏது? 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்தெங்கும் அது பரவியது. பெல் விட்டுச்சென்ற செல்வத்தில் 1830-களில் எழுந்த அப்பள்ளி, 2021-இல் ஊரின் மேற்கே புதிய வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது, பெயர் மாறவில்லை. பெயர் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளின் விரல் நுனி, நம் துறவியர் இல்லத்தின் இடிபாட்டுக்குப் பின்னே இப்படி நினைவாக நிற்க, அதன்மேல் முதுகைத் திருப்பிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறோம்!

ஆகவே செல்கிறவர்கள் ஒரு முழு நாளோடு செல்லட்டும். ஊருக்குள் ரயில் இல்லை. எடின்பரோவிலிருந்து லூகர்ஸ் வரை ரயிலிலும், பின் எட்டுக் கிலோமீட்டர் பேருந்திலும் வர வேண்டும். மேற்கு வாயிலில் தொடங்கித் தெற்குத் தெரு வழியே பழைய திருப்பயணிகளைப் போலப் பேராலயத்துக்கு நடப்பது நல்லது. கோவிலில் அழ வேண்டியதை அழுதுவிட்டு, கோட்டைக்கும் அங்கிருந்து வடக்குத் தெருவின் அவ்விரு எழுத்துகளுக்கும் போகலாம். எழுத்துகளுக்கு முன் ஒரு 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' சொல்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

திருத்தூதரின் திருப்பண்டங்களை அங்கே தேடக்கூடாது. 1879-இல் அமால்ஃபி பேராயரும், 1969-இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் அளித்தவை எடின்பரோவின் புனித மரியா பேராலயத்தில் உள்ளன. செயின்ட் ஆண்ட்ரூஸில் நமக்கு இன்றுள்ளது ஸ்கோர்ஸ் தெருவில் 1910-இல் கட்டிய புனித யாக்கோபு ஆலயம். சிறியது, கடலைப் பார்த்து நிற்பது. அதே தெருவின் கிழக்கில் கர்தினால் தொங்கிய கோட்டை, மேற்கில் நம்மவர் எரித்தவர்களின் தூண். ஆலயத்திலிருந்து இரண்டுமே நடக்கும் தூரந்தான்.